ரெக்கார்டு முதல் அரியர் வரை: வேலையைத் தள்ளிப்போடும் கல்லூரி மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாளைக் காலை லேப். ரெக்கார்டில், அதாவது லேப் பரிசோதனைகளை எழுதி ஒப்படைக்கும் நோட்டில், நான்கு பரிசோதனைகள் பாக்கி. இரவு எட்டரைக்கு மெஸ்ஸிலிருந்து திரும்பும் மாணவர் நோட்டைத் திறப்பதற்கு முன் மேசையைத் துடைக்கிறார். பிறகு அலமாரியை அடுக்குகிறார். பிறகு இரண்டு வாரமாகக் குவிந்த துணியைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுகிறார். பதினொன்றரைக்கு அறை பளிச்சென்று இருக்கிறது. ரெக்கார்டில் மட்டும் ஒரு வரிகூடக் கூடவில்லை.

சோம்பேறி யாரும் மூன்று மணி நேரம் இப்படி உழைக்க மாட்டார். பழந்தமிழில் சோம்பலுக்கு ‘மடி’ என்றும், செய்ய வேண்டியதை இழுத்துக்கொண்டே போவதற்கு ‘நெடுநீர்’ என்றும் தனித்தனிச் சொற்கள் இருப்பது சரியான பாகுபாடு. இரண்டுக்கும் மருந்து வேறு. நெடுநீர் உள்ளவரிடம் “இன்னும் கொஞ்சம் உழை” என்று சொல்லிப் பயனில்லை. அவர் தயங்குவது ஒரு குறிப்பிட்ட வேலையின் வாசலில்தான். அந்த வாசலைச் சரிசெய்வது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறோம். உதாரணங்கள் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி, விடுதி வாழ்க்கையை ஒட்டியவை. கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

படி 1: பாக்கியை எல்லாம் ஒரே தாளில் இறக்குங்கள்

ஒரு ஏ4 தாள், ஒரு பேனா, பத்து நிமிடம். போனில் எழுத வேண்டாம். எழுதப் போன இடத்திலேயே வேறு ஏதாவது கண்ணில் படும். தலையில் சுற்றும் பாக்கி அனைத்தையும் எழுதுங்கள்: அசைன்மென்ட், ரெக்கார்டு, அரியர் பேப்பருக்குக் (முன்பு தேறாமல் நிற்கும் பாடத்துக்கு) கட்ட வேண்டிய தேர்வுக் கட்டணம், ஸ்காலர்ஷிப் படிவம், நூலகத்தில் திருப்ப வேண்டிய புத்தகம், வீட்டுக்குப் பேச வேண்டிய போன்.

எழுதிய பிறகு ஒவ்வொன்றையும் கையால் செய்யக்கூடிய செயலாக மாற்றி எழுதுங்கள். இந்த வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘ரெக்கார்டு’ என்பது வேலையே அல்ல, அது ஒரு நோட்டின் பெயர். ‘நாலாவது பரிசோதனையின் ரீடிங்கை அப்சர்வேஷனிலிருந்து (லேப்பில் குறித்துக்கொள்ளும் நோட்டிலிருந்து) இடப்பக்க அட்டவணைக்கு மாற்றுவது’ என்பதுதான் வேலை. ‘ப்ராஜெக்ட்’ என்று எழுதினால் மனம் மலைக்கும். ‘கைடிடம் தலைப்பைச் சொல்ல வியாழக்கிழமை மதிய இடைவேளையில் போவது’ என்று எழுதினால் கால் தானாக நகரும்.

அடுத்து, ஒவ்வொன்றும் ஏன் நின்றுபோனது என்று பக்கத்தில் ஒரே சொல்லில் குறியுங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: புரியவில்லை, அலுப்பு, பயம். தள்ளிப்போடுதல் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் திரட்டி 2007-ல் பியர்ஸ் ஸ்டீல் வெளியிட்ட தொகுப்பாய்விலும் வேலையின் மீதான வெறுப்பு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை குறைவாக இருப்பது, கெடு தொலைவில் இருப்பது, சட்டென்று மனம் தாவும் இயல்பு ஆகியவையே முக்கியக் காரணங்களாக வந்தன. காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். புரியாத வேலைக்கு, புரிந்த ஒருவரிடம் பதினைந்து நிமிடம் கேட்பதுதான் முதல் செயல். தனியாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். அலுப்பான வேலைக்குத் துணை வேண்டும்: எதிரே ஒரு நண்பர் தன் ரெக்கார்டை எழுதிக்கொண்டிருந்தால் போதும். பயம் என்றால், வேலையை யாரும் பார்க்கப்போகாத கரட்டு வடிவில் ஒருமுறை செய்துவிடுவதுதான் ஒரே வழி.

படி 2: நீங்கள் நினைக்கும் நேரத்தை 1.6-ஆல் பெருக்குங்கள்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வறிக்கை எழுதிய மாணவர்களிடம், முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் கேட்டார்கள். 1994-ல் வெளியான முடிவு இது: சராசரியாக மாணவர்கள் சொன்னது சுமார் 34 நாள். ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன கணக்கும் 49 நாளைத் தாண்டவில்லை. அதாவது மிகவும் கவலைப்பட்டுப் போட்ட கணக்கே போதவில்லை.

55-ஐ 34-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.6 வரும். இது எல்லா வேலைக்கும் பொருந்தும் விதி அல்ல, ஆனால் தொடக்கக் கணக்குக்கு நன்றாக உதவும். ஒரு பரிசோதனையை எழுத 50 நிமிடம் என்று வைத்தால் நான்குக்கு 200 நிமிடம், 1.6-ஆல் பெருக்கினால் 320 நிமிடம், ஐந்தேகால் மணி நேரத்துக்கும் மேல். இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்தால் முடிக்க இரண்டரை மணி ஆகிவிடும். பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்து உட்காருபவர் பதினொன்றரைக்குச் சோர்ந்து மூடிவைப்பதற்கு இந்தத் தவறான கணக்குதான் காரணம். முன்பே தெரிந்தால் இரண்டை இன்றைக்கு, இரண்டை நாளைக்கு என்று பிரித்திருக்கலாம்.

படி 3: ரெக்கார்டு எழுதும் முறை

கல்லூரியில் மிக அதிகம் தள்ளிப்போடப்படும் வேலை இதுதான் என்பதால் விரிவாகவே பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60 சதவீதம். லேப் பாடத்துக்கு இது தலைகீழ்: இன்டர்னல் 60, தேர்வு 40. ரெக்கார்டை வெறும் எழுத்து வேலை என்று ஒதுக்குபவர்கள், அறிவைவிட ஒழுங்குக்கே மதிப்பெண் கிடைக்கும் ஒரே இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு லேப்பில் பத்துப் பரிசோதனை என்று கொண்டால் இரண்டு லேப்புக்கு இருபது. கடைசி வாரத்தில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, ஏனென்றால் ரீடிங் எப்படி வந்தது என்பதே மறந்திருக்கும். லேப் நடந்த அன்று மாலையே எழுதினால் 40 முதல் 50 நிமிடம்.

வரிசை முக்கியம். முதலில் கோடில்லாத இடப்பக்கம்: சர்க்யூட் படம், அட்டவணை, மாதிரிக் கணக்கு, எல்லாம் பென்சிலில். தலை தெளிவாக இருக்கும்போது செய்ய வேண்டிய பகுதி இது. நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை என்று வலப்பக்கத்தில் பேனாவில் எழுதுவது வெறும் நகலெடுப்பு. களைத்த பிறகும் செய்யலாம். பலர் எளிது என்று வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். படம் வரைய வேண்டிய இடத்துக்கு வரும்போது தெம்பு தீர்ந்துவிடும். விளைவு, பாதி பாதியாக நிற்கும் ஆறு பரிசோதனைகள்.

பாதி முடிந்த நான்கைவிட முழுதாக முடிந்த இரண்டு மேல். முடிந்ததற்குத்தான் ஸ்டாஃப் கையெழுத்துப் போடுவார். எனவே ஒன்றை முடித்து, இன்டெக்ஸில் தேதியும் பக்க எண்ணும் போட்ட பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

செமஸ்டரின் முதல் வாரத்திலேயே வாங்கி வைக்க வேண்டியவை: கிராஃப் ஷீட் இருபது, அதிர்வெண் சார்ந்த பரிசோதனை இருந்தால் செமி-லாக் ஷீட் ஐந்து, இரண்டு எச்பி பென்சில், ஒரு பசை, இரண்டு ஒரே நிற நீலப் பேனா. இரவு பத்து மணிக்கு கிராஃப் ஷீட் இல்லை என்று தெரிந்தால், கடை மூடியிருக்கும் என்ற காரணத்தோடு மனம் நிம்மதியாக நோட்டை மூடிவிடும். தள்ளிப்போடும் மனத்துக்கு இப்படி ஒரு நியாயமான சாக்கு கிடைப்பதைப் போல ஆபத்து வேறில்லை. பொருள்கள் கையில் இருந்தால் சாக்குக்கு இடமில்லை.

சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது பற்றி ஒரு சொல். செய்முறையைப் பார்த்து எழுதினால் பெரிய கேடில்லை. ரீடிங்கைப் பார்த்து எழுதக் கூடாது. அது நேர்மையற்றது. தவிர, உங்கள் அப்சர்வேஷனுக்கும் ரெக்கார்டுக்கும் மதிப்புகள் ஒத்துப்போகாமல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்ளவும் நேரும். ரீடிங் விடுபட்டிருந்தால் உங்கள் பேட்ச் நண்பரிடம் மறுநாளே வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அவருக்கும் எது எந்த நாள் ரீடிங் என்று தெரியாது.

படி 4: ‘எப்போது’ என்பதற்கு மணியைவிட ஒரு நிகழ்ச்சி நல்லது

“இன்று மாலை படிப்பேன்” என்பது தீர்மானம் ஆகாது. உளவியலாளர்கள் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டெட்டரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சிறு அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் குறித்த நேரத்துக்குள் எழுதியவர்கள், அப்படிக் குறிக்காதவர்களைப் போல் சுமார் இரு மடங்கு.

விடுதியில் மணி அடிக்கடி நழுவும், ஆனால் சில நிகழ்ச்சிகள் நழுவாது. மாலை டீ, இரவு மெஸ், விடுதி அட்டெண்டன்ஸ் இவற்றோடு வேலையை முடிச்சுப் போடுங்கள். “டீ டம்ளரைக் கழுவி வைத்ததும், ரீடிங் ரூமில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, அப்சர்வேஷனைத் திறப்பேன்.” இதில் நிகழ்ச்சி, இடம், முதல் அசைவு மூன்றும் இருக்கின்றன. ஒன்று விடுபட்டாலும் திட்டம் தளர்ந்துவிடும். கட்டிலில் உட்கார்ந்து படிப்பதாகத் திட்டமிட்டவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

முதல் நாள் இரவே நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து, பென்சிலைச் செருகி வையுங்கள். தொடங்குவதற்கு நீங்கள் செய்ய வேண்டியது உட்கார்வது மட்டுமே என்ற நிலை வர வேண்டும்.

படி 5: போன்

போனை அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரை இன்றைய கல்லூரியில் செல்லுபடியாகாது. நோட்ஸ் பிடிஎஃப்பாக வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. கொஸ்டின் பேங்க் அங்கேதான் இருக்கிறது. அசைன்மென்ட் தேதி மாறினாலும் அங்கேதான் தெரியும். பிடிஎஃப்பைத் திறக்கப் போகிறவர் நாற்பது நிமிடம் கழித்து ரீல்ஸிலிருந்து வெளியே வருகிறார் என்றால் வழியே அப்படி அமைந்திருக்கிறது.

ஆகவே வழியைப் பிரித்துவிடுங்கள். ஞாயிறு மாலை, அந்த வாரத்துக்கான பிடிஎஃப் அனைத்தையும் இறக்கி, முக்கியமான யூனிட்டை (பாடப் பகுதியை) ஜெராக்ஸ் கடையில் தாளின் ஒரு புறத்துக்கு இரண்டு பக்கம், முன்னும் பின்னுமாக எடுத்துவிடுங்கள். நாற்பது பக்க யூனிட் பத்துத் தாளில் அடங்கும். ஒரு புறத்துக்கு நான்கு பக்கம் எடுத்தால் காசு மிஞ்சும், ஆனால் சமன்பாட்டின் கீழ்க்குறியீடுகள் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே அந்தத் தாள் படிக்கப்படாமல் போகும். ஜெராக்ஸ் எடுக்க முடியாவிட்டால் பிடிஎஃப்பைத் திறந்துவிட்டு ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். போன் தேவையே இல்லாத வேலை என்றால் அது கைக்கு எட்டாத இடத்தில், நண்பரின் அறையில் சார்ஜில் இருக்கட்டும். தலைகீழாக மேசையில் வைப்பது பயனற்றது. வீட்டிலிருந்து அவசர அழைப்பு வருமோ என்ற கவலை உண்மையானது. அறை நண்பரின் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டால் அது தீரும்.

படி 6: ஸ்டடி லீவில் ‘ஒரு யூனிட்’ என்று கணக்குப் போடாதீர்கள்

ஒரு யூனிட் என்பது மூட்டை. அப்படியே தூக்க முடியாது. வினாத்தாளையே அளவுகோலாக வையுங்கள். வழக்கமான தாளில் பகுதி ஏ பத்து இரண்டு மார்க் கேள்விகள், பகுதி பி ஐந்து பதிமூன்று மார்க் கேள்விகள், பகுதி சி ஒரு பதினைந்து மார்க் கேள்வி. 100 மதிப்பெண், 180 நிமிடம். ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம். அப்படியானால் பதிமூன்று மார்க் கேள்விக்கு ஏறத்தாழ 23 நிமிடம், இரண்டு மார்க்குக்கு மூன்றரை நிமிடம்.

இந்த 23 நிமிடத்தையே படிப்பின் அலகாக்குங்கள். ஒரு பதிமூன்று மார்க் கேள்வியை 25 நிமிடம் படிப்பது, புத்தகத்தை மூடுவது, 23 நிமிடத்தில் படத்தோடு எழுதிப் பார்ப்பது, பத்து நிமிடம் நடப்பது. ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். நாளொன்றுக்கு ஏழு சுற்று நல்ல உழைப்பு. பத்து என்று திட்டமிட்டால் நான்காவதிலேயே மனம் உடையும். எழுதிப் பார்க்காமல் ஹைலைட்டர் போட்டுப் படித்தவருக்கு எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும், தேர்வு அறையில் முதல் வரி வராது.

அட்டவணை போடுவதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தால் நிறுத்துங்கள். நான்கு நிற ஸ்கெட்ச் பேனாவில் அழகாக வரைந்த டைம்டேபிள், ரெக்கார்டுக்கு முன்னால் துடைத்த மேசையைப் போன்றதுதான்.

ஒரே இரவு மிச்சம் இருந்தால்

இது யாருக்கும் பரிந்துரைக்கும் வழி அல்ல. ஆனாலும் அந்த இரவு வரத்தான் செய்யும், அப்போது பதற்றத்தில் ஐந்து யூனிட்டையும் புரட்டுவதுதான் பெரும் பிழை. பொதுவாகப் பகுதி ஏ-யில் யூனிட்டுக்கு இரண்டு கேள்வி, பகுதி பி-யில் யூனிட்டுக்கு ஒரு கேள்வி, அதில் ஒன்றுக்கு ஒன்று மாற்று இருக்கும். மூன்று யூனிட்டை நன்றாகப் படித்தால் 39 மார்க்குக்குப் பகுதி பி, 12 மார்க்குக்குப் பகுதி ஏ, ஆக 51 மார்க்குக்குப் பதில் எழுதலாம். மீதி இரண்டு யூனிட்டின் இரண்டு மார்க் கேள்விகளையும் பார்த்துவிட்டால் 59. எல்லாப் பதிலுக்கும் முழு மார்க் விழாது என்பதால் இதில் இழப்பதற்கு இடம் மிகக் குறைவு. விட்ட யூனிட்டிலும் ஏதாவது எழுதிப் படம் வரையுங்கள். வெற்றுத் தாளுக்கு மார்க் இல்லை.

இரவு ஒரு மணிக்குப் படுத்து ஆறுக்கு எழுவது, விடியும் வரை விழித்திருப்பதைவிட நல்லது. தூக்கமில்லாத மூளை தெரிந்ததையும் எடுத்துத் தராது. ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கால்குலேட்டர் மூன்றையும் படுக்குமுன் பையில் வைத்துவிடுங்கள்.

அன்றாடச் சில்லறை வேலைகள்

துணி, மெஸ் பில், பஸ் பாஸ் போன்றவை ஒவ்வொன்றும் சிறியவை. சேர்ந்தால் படிப்பைத் தின்னும்; பெரிய வேலை வரும்போது ஒளிந்துகொள்ள இடமும் தரும். எல்லாவற்றையும் சனிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டுக்குள் அடக்கிவிடுங்கள். முதலில் துணியை ஊறவைப்பது, அது ஊறும் அரை மணியில் அலுவலக வேலை, திரும்பி வந்து அலசுவது. ஒரு பக்கெட்டுக்கு ஆறேழு உருப்படிக்கு மேல் போட்டால் சோப்பு போகாது. ஊறவைத்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாற்றம் ஏறி மறுபடி முதலிலிருந்து துவைக்க வேண்டும். ஜீன்ஸில் சாயம் இறங்கி வெள்ளைச் சட்டை நீலமாகும். நாளைய லேப்புக்குக் கோட் வேண்டும் என்றால் அதை மட்டும் தனியாக, முதலில்.

தேதி தவறப்போகிறது என்று தெரிந்தால்

தேதிக்கு முன்பே ஸ்டாஃபை நேரில் பாருங்கள். தேதி கடந்த பிறகு மறைந்து நடப்பதால் ஒரு நாள் தாமதம் பத்து நாளாகிறது. வெறும் கையோடு போகக் கூடாது, முடித்தது எவ்வளவோ அதைக் கொண்டுபோங்கள். “சார், பத்துல ஆறு முடிச்சிட்டேன், இதோ இருக்கு. மீதி நாலையும் வெள்ளிக்கிழமை காலையில கொண்டுவந்துடறேன்.” இவ்வளவு போதும். உடம்பு சரியில்லை, பாட்டிக்கு முடியவில்லை என்ற பொய் தேவையில்லை. அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது இன்னொரு வேலையாகிவிடும்.

திட்டம் உடைந்த நாளில் தன்னைத் திட்டிக்கொள்வதும் கெடுதல்தான். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், டிமதி பிச்சில், ஷானன் பென்னட் மூவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட முதலாண்டு மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். குற்ற உணர்ச்சி நோட்டின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு நோட்டைப் பார்த்தாலே வலிக்கிறது. வலிக்கும் பொருளை யாரும் தொட மாட்டார்கள். எனவே விடுபட்ட நாளை ஈடுகட்ட இரட்டிப்பாகச் செய்யக் கிளம்பாதீர்கள். மறுநாள், வழக்கமான அளவு, அதே மேசை.

ஒன்றை மட்டும் வேறாகப் பார்க்க வேண்டும். படிப்பு மட்டுமல்லாமல் குளிப்பது, சாப்பிடுவது, பிடித்த விளையாட்டுக்குப் போவது எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் முடியாமல் போனால் அது தள்ளிப்போடுதல் அல்ல, டைம்டேபிளால் தீராது. கல்லூரியில் கவுன்சிலர் இருந்தால் அவரைப் பார்க்கலாம். இல்லையென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அறை நண்பர் அப்படி இருப்பதைப் பார்த்தால், “ஏன்டா சும்மா படுத்திருக்க” என்று கேட்பதற்குப் பதில் பக்கத்தில் உட்கார்ந்து, “சாப்பிட்டியாடா?” என்று கேளுங்கள். அந்த எண்ணை அவரோடு சேர்ந்து அழையுங்கள்.